லேபிள் ஓரத்துல இருக்கற ஆர்எம்: குடும்பத் தோட்டத்து டிரை ஷாம்பெயின் எப்படி உருவாகுது

ஷாம்பெயின் பாட்டில் கையில வந்தா எல்லாரும் பெருசா அச்சடிச்ச பேரைத்தான் பாப்பாங்க. லேபிளோட அடியில கண்ணை இடுக்கிப் பாத்தாதான் தெரியற மாதிரி ஒரு நம்பர் இருக்கும், அதுக்கு முன்னாடி ரெண்டு எழுத்து. என்எம்னு இருந்தா வெளிய இருந்தும் திராட்சை வாங்கி ஒயின் பண்ற ஹவுஸ், அதாவது ஷாம்பெயின் கம்பெனி. ஆர்எம்னு இருந்தா தன்னோட தோட்டத்துல விளைஞ்சதை தானே பிழிஞ்சு, தானே பாட்டில்ல அடைச்சு, தானே விக்கற விவசாயி, அவங்க வெளிய இருந்து வாங்கறது 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இது விளம்பரத்துக்கு போடற வார்த்தை இல்ல, ஃபிரான்ஸ்ல ஷாம்பெயின் பகுதிக்குன்னு இருக்கற விதி. இந்த ஆர்எம் பாட்டில்களைத் தேடிப் போனீங்கன்னா எக்ஸ்ட்ரா ப்ரூட், ப்ரூட் நேச்சர்னு சக்கரை ரொம்பக் கம்மியான, இல்ல சுத்தமா சேர்க்காத ஒயின், அதாவது டிரை ஒயின், நிறைய கண்ல படும். இது ஏன்னு கேட்டா ஃபேஷன்னு சொல்லிட்டுப் போயிடறாங்க. எனக்கு அந்தப் பதில் போதல. சக்கரை போடாம விடலாமாங்கற முடிவோட பெரிய பங்கு தோட்டத்துலயே எடுத்தாச்சு, அதுக்குப் பின்னாடி நூறு வருஷத்து விவசாயிங்க கதையும் இருக்குங்கறதுதான் நான் சொல்ல வர்றது.

முதல்ல நிலக் கணக்கு. மொத்த ஷாம்பெயின் பகுதியும் சுமார் 34,000 ஹெக்டேர், அதுல கிட்டத்தட்ட 16,000 விவசாயிங்க, அதாவது ஆளுக்கு சராசரியா ரெண்டு ஹெக்டேர்தான் வரும். நிலத்துல ஏறக்குறைய 90 சதவீதம் இவங்க கையில இருக்கு. ஆனா உலகம் பூரா விக்கற பாட்டில்கள்ல பத்துல ஏழுக்கு மேல பெரிய ஹவுஸ்களோட பேர்லதான் போகுது. மொயட், வெவ் க்ளிக்கோ, க்ரூக், ரூய்னார் எல்லாம் எல்விஎம்எச்ங்கற ஒரே குழுமத்துக்குள்ள இருக்கு. நிலம் ஒரு பக்கம், பேரும் மார்க்கெட்டும் இன்னொரு பக்கம், இந்தப் பகுதியில நடந்த எல்லா சண்டைக்கும் சமாதானத்துக்கும் வேர் இதுதான்.

ரெண்டு ஹெக்டேர் வச்சிருக்கற குடும்பம் என்ன பண்ணலாம்னு யோசிச்சுப் பாருங்க. ஒரு ஹெக்டேர்ல எவ்ளோ அறுக்கலாம்னு வருஷா வருஷம் முடிவு பண்ணி அறிவிப்பாங்க, 2020ல 8,000 கிலோ, 2023ல 11,400 கிலோ, 2024ல 10,000 கிலோ. பத்தாயிரம்னே வச்சுக்கிட்டா ரெண்டு ஹெக்டேருக்கு 20,000 கிலோ. கிலோ 6 யூரோவுக்குக் குறையாம விலை போகுது, ஆக ஹவுஸுக்கு அப்படியே குடுத்துட்டா 1,20,000 யூரோவுக்கு மேல கைக்கு வந்துரும், அடுத்த நாள்ல இருந்து பாட்டில் பத்தியோ கார்க் பத்தியோ கவலை வேணாம். அதே திராட்சைய தானே ஒயின் பண்ணா சுமார் 17,000 பாட்டில் வரும், ஆனா ப்ரெஸ், டேங்க், நிலவறை, பாட்டில், லேபிள், ஆள் கூலி எல்லாம் இவங்க தலையில, காசு வர்றதுக்கு ரெண்டு மூணு வருஷம் ஆகும், நடுவுல இன்னும் ரெண்டு அறுவடை வந்து அதுக்கும் செலவு பண்ணியாகணும். வித்துட்டு நிம்மதியா இருக்க வழி இருந்தும் ஒரு குடும்பம் இந்தப் பாதைய எடுக்குதுன்னா அவங்களுக்குத் தன் நிலத்தைப் பத்தி சொல்ல ஏதோ ஒண்ணு இருக்குன்னு அர்த்தம், இல்லன்னா இந்தக் கணக்குல யாரும் இறங்க மாட்டாங்க.

ஆனா ஆரம்பத்துல இது ஆசைப்பட்டு எடுத்த பாதை இல்ல, வேற வழியில்லாம எடுத்தது. 1910ல மழையும் பூஞ்சை நோயும் சேர்ந்து அறுவடைய அழிச்சிருச்சு. அதுக்கு முன்னாடியே பல ஹவுஸ்கள் வெளி மாவட்டத்துல இருந்து மலிவா திராட்சையும் ஒயினும் ரயில்ல கொண்டுவந்து ஷாம்பெயின்னு வித்துக்கிட்டு இருந்தாங்க, உள்ளூர் விவசாயிக்கு விலையே கிடைக்கல. 1911 ஜனவரியில மார்ன் ஆத்தோரத்துல தமெரி, ஓத்வில்லே ஊர்கள்ல விவசாயிங்க நிலவறைக்குள்ள புகுந்து உடைச்சாங்க, ஏப்ரல்ல ஆய் ஊர்ல கட்டடங்கள் பத்தி எரிஞ்சுது, அரசாங்கம் ராணுவத்தை இறக்குச்சு. எந்த ஊர் ஷாம்பெயின் எல்லைக்குள்ள வரும்னு கடைசியா 1927ல சட்டம் வந்துது. அப்புறம் 1930கள்ல உலகப் பொருளாதாரம் சரிஞ்சப்போ ஹவுஸ்கள் திராட்சை வாங்கறதையே குறைச்சிட்டாங்க, பழம் கொடியில அழுகறதை விட நாமே ஒயின் போட்டுப் பாப்போம்னு நிறைய குடும்பங்க இறங்கினது அந்தக் காலத்துலதான், கூட்டுறவு சங்கங்கள் வளர்ந்ததும் அப்பதான். 1941ல விவசாயிங்களும் ஹவுஸ்களும் ஒரே மேசையில உக்கார்ற சிஐவிசி அமைப்பு உருவாச்சு, விளைச்சல் அளவு எல்லாம் இன்னிக்கும் அங்கதான் பேசி முடிக்கறாங்க.

இனி ஒயினுக்கு வருவோம். திராட்சைய கையாலதான் பறிக்கணும், மெஷின் விட அனுமதி இல்ல. காரணம் எளிது, இங்க வெள்ளை ஒயினுக்கு கருப்புத் திராட்சையும் போகுது. பினோ நுவார், மொனியே ரெண்டும் கருப்பு, ஷார்டனே வெள்ளை. கருப்புத் திராட்சையிலயும் சாறு நிறமில்லாமதான் இருக்கும், நிறம் தோல்லதான், அதனால கொத்து உடையாம வந்து தோல் கசங்காம மெதுவா பிழிஞ்சா வெள்ளைச் சாறே கிடைக்கும். ஒரு ப்ரெஸ்ஸுக்கு 4,000 கிலோன்னு அளவு, அதுல இருந்து முதல்ல வர்ற 2,050 லிட்டர் உசத்தி, அடுத்த 500 லிட்டர் கொஞ்சம் சுமார், அதுக்கு மேல எடுத்தா ஷாம்பெயின்னு போட முடியாது. இந்த 500 லிட்டரை தன் ஒயின்ல சேர்க்காம வித்துடற குடும்பங்க உண்டு. சக்கரை சேர்க்காத ஒயின் பண்ணனும்னா இந்த மாதிரி இடத்துல எல்லாம் கறாரா இருந்தே ஆகணும், பின்னால வர்ற கசப்பை மறைக்க அப்புறம் எதுவும் இருக்காது.

சாறு முதல் தடவை புளிச்சு சாதாரண, குமிழி இல்லாத ஒயின் ஆகும். புளிப்புன்னா அப்படி ஒரு புளிப்பு, பிஎச் 3 சுத்தி இருக்கும், அப்படியே குடிச்சா பல்லு கூசும். அதை பாட்டில்ல ஊத்தும்போது லிட்டருக்கு சுமார் 24 கிராம் சக்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து மூடி போட்டு குளிர்ச்சியான நிலவறையில படுக்க வைக்கறாங்க. 4 கிராம் சக்கரைக்கு ஏறக்குறைய 1 அட்மாஸ்பியர் அழுத்தம், ஆக 24 கிராமுக்கு 6 வருது. அந்த சக்கரை பூராவும் ஈஸ்ட் தின்னுடும், அதனால குமிழிக்காகப் போட்ட சக்கரைக்கும் ஒயின் இனிக்கறதுக்கும் சம்பந்தமே இல்ல, இதை நிறைய பேர் குழப்பிக்கறாங்க. இந்த அளவு தெரியாத காலத்துல நிலவறையில பாட்டில் வெடிச்சு பாதி சரக்கு போறதெல்லாம் சாதாரணம், 1830கள்ல ஷாலோன் ஊர்ல ஃபிரான்ஸ்வான்னு ஒரு மருந்தாளர் சக்கரைய அளந்து போடற வழிய கண்டுபிடிச்ச பிறகுதான் தொழில் நிலைச்சுது.

தின்னு முடிச்ச ஈஸ்ட் செத்து பாட்டில் அடியில படியும். நிஜமான வேலை அதுக்கு அப்புறம்தான் நடக்குது. மாசக் கணக்குல அந்த செத்த ஈஸ்ட் செல்கள் மெல்ல உடைஞ்சு உள்ள இருக்கற அமினோ அமிலம், புரதம் எல்லாம் ஒயின்ல கரையும், ரொட்டி, பிஸ்கட், வறுத்த பருப்பு மாதிரி வாசனை வர்றதும், வாயில ஒரு வழவழப்பு கிடைக்கறதும் அதுலதான். சட்டப்படி லேபிள்ல விளைச்சல் வருஷம் குறிப்பிடாத ஷாம்பெயின் 15 மாசம் நிலவறையில இருக்கணும், அதுல 12 மாசமாவது ஈஸ்ட்டோட, வருஷம் போட்டதுன்னா 3 வருஷம். நல்ல குடும்பத் தோட்டங்க பல பேர் இதை விட ரொம்ப அதிகம் வைக்கறாங்க, ஏன்னா சக்கரை இல்லாத ஒயின்ல புளிப்பைத் தாங்கிப் பிடிக்க இந்த வழவழப்பைத்தான் நம்பணும். காசு மாட்டிக்கிட்டு இருக்கற காலமும் அதனால நீளுது.

கடைசியா பாட்டிலை கொஞ்சம் கொஞ்சமா திருப்பி தலைகீழாக்கி, கழுத்துல சேர்ந்த கசடை உறைய வச்சு, மூடியத் தொறந்து அழுத்தத்துலயே வெளிய தள்ளி, குறைஞ்ச அளவுக்கு ஒயின் ஊத்தி கார்க் போடுவாங்க. ஊத்தற அந்த ஒயின்ல எவ்ளோ சக்கரை கலக்கறாங்கங்கறதுதான் டிரையா இல்லையான்னு தீர்மானிக்குது. லிட்டருக்கு 3 கிராமுக்குக் கீழ இருந்து சக்கரையே சேர்க்கலன்னா ப்ரூட் நேச்சர், 6 வரைக்கும் எக்ஸ்ட்ரா ப்ரூட், 12 வரைக்கும் ப்ரூட், 12ல இருந்து 17 வரைக்கும் எக்ஸ்ட்ரா டிரை. எக்ஸ்ட்ரா டிரைன்னு போட்டது ப்ரூட்டை விட இனிப்பு, கடையில வாங்கும்போது இதை ஞாபகம் வச்சுக்கோங்க. 2009 வரைக்கும் ப்ரூட்டோட உச்ச வரம்பே 15 கிராமா இருந்துது.

இந்த டிரை ருசியே ரொம்ப பழசு இல்ல. 2010ல பால்டிக் கடல்ல, ஆலண்ட் தீவுக்கிட்ட மூழ்கின கப்பல்ல 168 ஷாம்பெயின் பாட்டில் கிடைச்சுது, 19ஆம் நூற்றாண்டு சரக்கு. ரீம்ஸ் பல்கலைக்கழக ஆளுங்க சோதிச்சுப் பாத்ததுல லிட்டருக்கு 140 கிராமுக்கு மேல சக்கரை. இன்னிக்கு ப்ரூட்டோட வரம்பை விட பத்து மடங்குக்கும் அதிகம். இங்கிலாந்துக்காரங்களுக்குத்தான் டிரை வேணும்னு தோணுச்சு, 1846 விளைச்சல்ல பெரியே-ஜூவேங்கற ஹவுஸ் சக்கரை இல்லாம அனுப்பிப் பாத்தாங்க, எடுபடல. 1874 விளைச்சல்ல பொமெரி ஹவுஸை நடத்தின மேடம் பொமெரி கொண்டு வந்த டிரை ஷாம்பெயின்தான் ஜெயிச்சுது. அவங்க என்ன பண்ணாங்கன்னு பாருங்க: திராட்சை நல்லா பழுக்கற வரைக்கும் அறுவடைய தள்ளிப் போடச் சொல்லி விவசாயிங்ககிட்ட கேட்டாங்க, நிலவறையில கூடுதல் வருஷம் வச்சாங்க. அதாவது சக்கரைய எடுத்துட்டா அந்த இடத்தை பழுத்த பழமும் காலமும்தான் நிரப்ப முடியும்னு அப்பவே தெரிஞ்சு வச்சிருக்காங்க.

ஆர்எம் குடும்பங்களுக்கு அனுகூலம் இங்கதான். ஹவுஸ் நூத்துக்கணக்கான விவசாயிங்ககிட்ட வாங்குது, கிலோ கணக்குல காசு குடுக்குது, அப்போ விவசாயிக்கு எடை கூட்டறதுல ஆர்வம் இருக்கறது நியாயம்தான், குத்தம் சொல்ல முடியாது. அப்படி வந்த பல தரத்துத் திராட்சைய கலந்து வருஷா வருஷம் ஒரே ருசி வர வைக்கறது பெரிய திறமை, அதை நான் மதிக்கறேன், ஆனா அந்தக் கலவைக்கு ஒரு 7, 8 கிராம் சக்கரை ஓரத்தை மழுப்பிக் குடுக்கும். தன் கொடிய தானே கவாத்து பண்ற குடும்பம் எந்தத் துண்டு நிலம் எப்போ பழுக்கும்னு வரிசை வரிசையா தெரிஞ்சு வச்சிருக்கு, நாலு நாள் காத்திருக்கலாமா வேணாமான்னு அவங்களே முடிவு பண்ணலாம், கொத்தைக் குறைச்சு மிச்சத்தை நல்லா பழுக்க விடலாம், விளைச்சல் குறைஞ்சா அது அவங்க நஷ்டம், ருசி ஏறினா அது அவங்க லாபம். சக்கரைய 2 கிராமுக்கு கொண்டு வர்றதுக்கு தைரியம் இந்த இடத்துல இருந்துதான் வருது.

நிலமும் ஒத்துழைக்கணும். கோத் தெ ப்ளான்னு எப்பர்னேங்கற ஊருக்கு தெற்க ஒரு சரிவு, க்ராமான், அவீஸ், ஓஜே, லெ மெனில்-சுர்-ஓஜேன்னு வரிசையா கிராமங்கள், எல்லாமே கிராண்ட் க்ரூ, அதாவது உச்சத் தகுதி பெற்ற ஊர்கள், மொத்த ஷாம்பெயின்லயே அந்தத் தகுதி 17 கிராமத்துக்குத்தான். அடியில சுண்ணாம்புப் பாறை, ஒரு கன மீட்டர் பாறை 300ல இருந்து 400 லிட்டர் தண்ணிய உறிஞ்சி வச்சுக்கும், கோடையில மெதுவா வேருக்கு விடும். இங்க விளையற ஷார்டனே சாறு ஒல்லியா, கூர்மையா இருக்கும், கொஞ்சம் உப்புக் கரிக்கற மாதிரி ஒரு முடிவு வரும். அதே டிரை அளவுல ஆம்போனே, பூஸி ஊர்ப் பக்கத்து பினோ நுவார் குடிச்சா வாயில கனமா, சிவப்புப் பழ வாசனையோட வேற ஒயினா இருக்கும். 8 கிராம் சக்கரை போட்டா இந்த வித்தியாசம் மறைஞ்சுருமான்னா பூராவும் மறையாது, ஆனா விளிம்பு தேயும். ஒத்தை ஊர், சில சமயம் ஒத்தை வயல் ஒயின் போடற குடும்பங்களுக்கு அந்த விளிம்புதான் சொத்து. அவீஸ் ஊர்ல ஆன்செல்ம் செலோஸ்ங்கற விவசாயி 1970கள்ல இருந்து இப்படி மண்ணைக் கவனிச்சு, மர பீப்பாயில புளிக்க வச்சு பண்ண வேலையைப் பாத்துத்தான் அடுத்த தலைமுறை பசங்க பல பேர் அப்பாவோட தோட்டத்துக்குத் திரும்பினாங்க.

வெயிலையும் சொல்லணும். முப்பது நாப்பது வருஷம் முன்னாடி செப்டம்பர் கடைசி, அக்டோபர்னு நடந்த அறுவடை இப்போ ரெண்டு வாரத்துக்கும் மேல முன்னாடி வந்துருச்சு, 2003, 2018, 2020, 2022 எல்லாம் ஆகஸ்ட்லயே ஆரம்பிச்சுது. பழத்துல சக்கரை தானா ஏறுது, புளிப்பு இறங்குது. அந்தக் காலத்துல பழுக்காத பழத்தோட புளிப்பைத் தணிக்க இனிப்பு தேவைப்பட்டுது, இப்போ அந்தத் தேவையே குறைஞ்சுருச்சு. டிரை ஷாம்பெயின் பெருகினதுல பருவநிலைக்கு இருக்கற பங்கை ஒளிக்கக் கூடாது. ஆனா இதே போக்கு தொடர்ந்தா புளிப்பே போதாம போயிடுமோன்னு இப்போ பயப்பட ஆரம்பிச்சிருக்காங்க, சிலர் ஒயின்ல கூர்மையான மாலிக் அமிலம் மென்மையான லாக்டிக் அமிலமா மாறறதைத் தடுத்து புளிப்பைக் காப்பாத்தறாங்க.

சின்ன தோட்டத்துக்குப் பெரிய ஆபத்து ஆலங்கட்டியும் பனியும்தான். 2021ல வசந்த காலப் பனி மொட்டைக் கருக்குச்சு, அப்புறம் மழையோட பூஞ்சை வந்து மிச்சத்தைத் தின்னுது. ஹவுஸுக்கு நூறு ஊர்ல திராட்சை, ஒரு ஊர் போனா இன்னொரு ஊர். எல்லா நிலமும் ஒரே சரிவுல வச்சிருக்கற குடும்பத்துக்கு அந்த வசதி இல்ல. அதுக்கு அவங்க வச்சிருக்கற தற்காப்பு பழைய வருஷத்து ஒயின். ஒரே டேங்க்ல வருஷா வருஷம் புது ஒயின் ஊத்தி கொஞ்சம் எடுத்துப் பயன்படுத்தற முறை இப்போ நிறைய பேர்கிட்ட இருக்கு, செலோஸ் தோட்டத்துல 1986ல இருந்து அப்படி ஒண்ணு ஓடுது. பல வருஷம் ஒண்ணா கலந்த ஒயின் ஒரு மோசமான வருஷத்துக்கு ஆழம் குடுக்கும், சக்கரை இல்லாமயே ருசி மென்மையா இருக்கும்.

ஆனா ஆர்எம்னு போட்டிருந்தா கண்ண மூடிட்டு வாங்கலாம்னு நான் சொல்லல. சுமாரான ஆர்எம் ஒயின் நிறைய இருக்கு, பழுக்காத பழத்தைப் பிழிஞ்சு ப்ரூட் நேச்சர்னு போட்டா அது வெறும் எலுமிச்சைத் தண்ணி, சக்கரை இல்லாதது தனியா ஒரு தகுதி ஆகாது. பெரிய ஹவுஸ் எல்லாம் குடும்பம் இல்லைன்னும் சொல்ல முடியாது, பொல் ரொஜே, லூயி ரொடரெர், பொல்லிஞ்சே இன்னும் குடும்பங்க கையிலதான். ஒரு விவசாயி தம்பியோட திராட்சைய 5 சதவீதத்துக்கு மேல வாங்கினாலே ஆர்எம் போய் என்எம்னு மாத்தணும், அதுக்காக ஒயின் மட்டமாயிடாது. நிஜமா உஷாரா இருக்க வேண்டியது ஆர்சிங்கற எழுத்துகிட்ட. அதுல விவசாயி பேர்தான் லேபிள்ல இருக்கும், ஒயின் பண்ணினது கூட்டுறவு சங்கம், அதே ஒயின் பக்கத்து வீட்டுக்காரர் பேர்லயும் வரலாம்.

அதனால பின்பக்க லேபிளைப் படிங்க. நல்ல தோட்டங்க பல பேர் கசடு எடுத்த தேதி, எந்த வருஷத்து ஒயின் அடிப்படை, எத்தனை கிராம் சக்கரை, எந்த ஊர்னு எல்லாத்தையும் போடறாங்க, கட்டாயம் இல்லாமயே. இதுல எனக்கு முக்கியம் கசடு எடுத்த தேதி. எடுத்த உடனே ஒயினோட ருசி ஒரு மாதிரி குலைஞ்சு போயிருக்கும், டிரை ஒயின்ல அது இன்னும் பளிச்சுனு தெரியும், ஆறு மாசமாவது தாண்டினதை எடுங்க.

ஊத்தும்போது ஒல்லி ஃப்ளூட் கிளாஸ் வேணாம், வெள்ளை ஒயினுக்கான கிளாஸ் போதும், வாசனைக்கு இடம் கிடைக்கும். 9, 10 டிகிரியில குடிங்க, ஐஸ் மாதிரி குளிர வச்சா புளிப்பு மட்டும்தான் நாக்குல நிக்கும். குமிழி கம்மியா வர்றதுன்னு ஒயினைத் திட்டாதீங்க, கிளாஸ்ல ஒட்டியிருக்கற நுண்ணிய நார்கள்ல இருந்துதான் குமிழி கிளம்புதுன்னு ரீம்ஸ்ல ழெரார் லிஜே-பெலேர்ங்கற விஞ்ஞானி காட்டியிருக்கார், ரொம்ப சுத்தமான கிளாஸ்ல நல்ல ஒயினும் அடங்கி நிக்கும்.

இந்தத் தோட்டங்களுக்கு முன்னாடி நிக்கற பெரிய கேள்வி ருசி பத்தினது இல்ல. ஷாம்பெயின்ல ஒரு ஹெக்டேர் திராட்சை நிலம் சராசரியா 10 லட்சம் யூரோவைத் தாண்டிருச்சு. அப்பா இறந்தா ரெண்டு ஹெக்டேர் வச்சிருந்த குடும்பம் காகிதத்துல 20 லட்சம் யூரோ சொத்துக்காரங்க, கையில இருக்கறது நிலவறையில படுத்திருக்கற பாட்டில்கள். வாரிசு வரி கட்டணும், ஒயின் தொழில் வேணாம்னு போன அண்ணன் தங்கச்சிக்கு பங்கு குடுக்கணும். அப்போ ஒரு வயல் விக்கறாங்க, இல்ல திராட்சைய பழையபடி ஹவுஸுக்கே குடுக்க ஒப்பந்தம் போடறாங்க. வித்த வயல்ல கொடி அப்படியேதான் இருக்கும், அதோட திராட்சை மட்டும் அடுத்த வருஷத்துல இருந்து வேற யாரோட கலவையிலயோ போய்ச் சேரும்.